பவர் பேங்க்கை பெட்டியில போட்டா அப்படி என்னங்க ஆயிரும்?

எபேன் நெல்லைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். மனசு ஆறல, அதான் இங்க வந்து கொட்டுறேன். ஊருக்கு போய்ட்டு போன வாரம்தான் மொரீஷியஸ் திரும்பினேன், நடுவுல ஒரு இடத்துல பிளேன் மாறணும் (எந்த ஏர்லைன், எந்த ஏர்போர்ட்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்). இங்க பிளேசான்ஸ் ஏர்போர்ட்ல இறங்கி பெல்ட் பக்கத்துல முக்கால் மணி நேரம் நின்னேன், எல்லாரும் பெட்டிய தள்ளிட்டு போயாச்சு, கறுப்பு ரப்பர் சும்மா சுத்துது, என் பெட்டி வரல. மூணாம் நாள் வீட்டு வாசல்ல கொண்டு வந்து வச்சுட்டு போனாங்க. ஜிப்ப பிரிச்சிருக்காங்க, உள்ள ஒரு அச்சடிச்ச சீட்டு, அனுமதி இல்லாத பொருள எடுத்துட்டோம்னு. என்னத்த எடுத்தாங்கன்னு பாத்தா பவர் பேங்க். அது போகட்டும், எடுத்தவன் திரும்ப அடுக்குனான் பாருங்க, அம்மா போட்டுக் குடுத்த நார்த்தங்கா ஊறுகா பாட்டில தலைகீழா சொருகிட்டான். நல்லெண்ணெய் பூரா இறங்கி வேட்டி, மகளோட ஸ்கூல் ஷூ, தட்டை, முறுக்கு எல்லாம் ஒரே மஞ்சக் கலரு.

என் கேள்வி இதான். கையில கொண்டு போனா சரியாம், பெட்டில போட்டா தப்பாம். ரெண்டும் ஒரே பிளேன்லதானே போகுது? வெடிக்கிற சாமான்னா என் தலைக்கு மேல இருக்கறத விட கீழ எங்கயாவது தள்ளி கிடக்கறதுதானே நல்லது? இதுல நெசமாவே சேஃப்டி விஷயம் ஏதாவது இருக்கா, இல்ல சும்மா அலப்பறையா? அடுத்த மாசம் வீட்டுக்காரி ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிகிட்டு தனியா துபாய் வழியா வரா. அகமதாபாத்ல அந்த பிளேன் விழுந்ததுல இருந்து அவளுக்கு பிளேன்னாலே வயித்த கலக்குது, தினம் போன் போட்டு எதனால விழுது எதனால விழுதுன்னு கேக்கா, எனக்கு பதில் சொல்லத் தெரியல.

கியூர்பீப் மழைக்காரன்:

எல்லாம் நம்மள டூட்டி ஃப்ரீல புதுசு வாங்க வைக்கிற வேலை ப்ரோ. பிளேன் விழுதுன்னா பைலட் தப்பு, மெயின்டனன்ஸ் தப்பு, இல்ல பறவை, இல்ல வானிலை. பவர் பேங்க்கால விழுந்துச்சுன்னு ஒரு பயணிகள் பிளேன காட்டுங்க பாப்போம்.

ஹேங்கர் மணி:

அண்ணாச்சி, ஊறுகாய்க்கு என் ஆழ்ந்த இரங்கல். நான் பதினாலு வருஷமா லைன் மெயின்டனன்ஸ்ல இருக்கேன், தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

நீங்க கேட்டதுலயே பதில் இருக்கு. கீழ தள்ளி கிடந்தா நல்லதுன்னு நினைக்கிறீங்கல்ல, அதான் பிரச்சனையே. கீழ யாரும் இல்ல. பெட்டிங்க போற, நாங்க ஹோல்டுன்னு சொல்ற அந்த இடத்துல புகை கண்டுபிடிக்கிற சென்சார் இருக்கு, ஹாலான்னு தீயணைக்கிற ஒரு வாயு பாட்டில் பாட்டிலா இருக்கு. காக்பிட்ல மணி அடிச்சா பைலட் பட்டனை அமுக்குவாரு, முதல் பாட்டில் ஒரே மூச்சுல கொட்டும், அடுத்தது கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சுகிட்டே இருக்கும், பிளேன் பக்கத்துல இருக்கற ரன்வேய புடிக்கிற வரைக்கும் தாங்கணும்னு கணக்கு. துணி, அட்டைப்பெட்டி, மரச்சட்டம் பத்திக்கிட்டா அது போதும், அடங்கிரும். லித்தியம் பேட்டரி அப்படி அடங்காது. உள்ள ஒரு செல் கெட்டுப்போயி சூடேறுச்சுன்னா அந்த சூடே பக்கத்து செல்ல கிளப்பிவிடும், அது அதுக்கு அடுத்தத, சரவெடி மாதிரி. ஹாலான் தீ நாக்கத்தான் அடக்கும், சூட்ட ஆத்தாது. ஆத்தறதுக்கு தண்ணி வேணும், தண்ணி ஊத்த ஒரு ஆள் வேணும். ஆள் இருக்கறது மேல, உங்க பக்கத்துல.

கேபின்ல பவர் பேங்க் புகைஞ்சா முதல்ல உங்களுக்கே நாத்தம் அடிக்கும், நீங்க கத்துவீங்க, ஏர் ஹோஸ்டஸ் ஓடி வந்து அணைப்பாங்க, தண்ணிய ஊத்தி ஊத்தி குளுமை பண்ணுவாங்க, நிறைய பிளேன்ல அத போட்டு மூடி வைக்க தனி பையும் கையுறையும் இருக்கு. ரெண்டு சீட்டு கருகும், எல்லாருக்கும் இருமல் வரும், பிளேன் இறங்கிரும். அதே சாமான் ஹோல்டுல முன்னூறு பெட்டிக்கு நடுவுல இருந்தா சென்சாருக்கு தெரியறதுக்குள்ள அது பக்கத்து பெட்டி பாடி ஸ்ப்ரேய புடிச்சிருக்கும். இங்கருந்து துபாய்க்கு ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகுது, முக்கால்வாசி நேரம் கீழ தண்ணிதான், நடுவுல செஷல்ஸ் மாதிரி ஒண்ணு ரெண்டு தீவ விட்டா ஒதுங்க இடமில்ல.

மழைக்காரரே, பவர் பேங்க்கால வானத்துல இருந்து பயணிகள் பிளேன் விழுந்துச்சுன்னு நான் சொல்ல வரல. ஆனா தரையில ஒண்ணு எரிஞ்சிருக்கு. 2025 ஜனவரி 28, கொரியாவுல புசான் ஏர்போர்ட், ஏர் புசான் ஏ321, ஹாங்காங் கிளம்ப ரெடியா நின்னது. சீட்டுக்கு மேல பை வைக்கிற தட்டுல இருந்து புகை, அப்புறம் கூரையே எரிஞ்சு ஓட்டையாப் போச்சு. 176 பேரும் சறுக்கி இறங்கி தப்பிச்சாங்க. பவர் பேங்க்ல இன்சுலேஷன் போனதுதான் காரணமா இருக்கும்னு அவங்க விசாரணையில வந்துச்சு. அந்த ஃப்ளைட் லேட்டா கிளம்ப வேண்டியிருந்துச்சு, கரெக்ட் டைம்ல கிளம்பியிருந்தா வானத்துல நடந்திருக்கலாம். அதுக்கப்புறம்தான் கொரியாக்காரன் மேல் தட்டுல வைக்காத, கைக்கு எட்டற மாதிரி கூடவே வச்சுக்கோன்னு ரூல் போட்டான்.

சரக்கு பிளேன கேட்டீங்கன்னா, 2010 செப்டம்பர் 3, துபாய்ல இருந்து கிளம்புன யூபிஎஸ் பார்சல் கம்பெனியோட போயிங் 747. உள்ள ஆயிரக்கணக்குல லித்தியம் பேட்டரி. தீ மணி அடிச்சதுல இருந்து விழுறதுக்கு அரை மணி நேரம்கூட ஆகல. காக்பிட்டுக்குள்ள புகை மூடி முன்னாடி இருக்கற மீட்டரே தெரியல, கேப்டனோட ஆக்சிஜன் மாஸ்க்ல காத்து வரல. ரெண்டு பேரும் போய்ட்டாங்க. 2016 ஏப்ரல் 1ல இருந்து பயணிகள் பிளேன்ல லித்தியம் அயான் பேட்டரிய தனிச் சரக்கா ஏத்தவே கூடாதுன்னு ஐகாவோ, அதாவது ஐநாவோட விமான அமைப்பு, நிறுத்திருச்சு.

ரோஸ் பெல் வாத்தியார்:

வணக்கம் பிள்ளைகளே. நான் இந்நாட்டில் பிறந்தவன், பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன், அதனால் என் தமிழ் கொஞ்சம் புத்தகத் தமிழாக இருக்கும், சிரிக்காதீர்கள்.

பிளேனில் தீ என்று படித்ததும் 1987 நினைவுக்கு வந்துவிட்டது. நெல்லைத் தம்பி புதியவர், அவருக்குத் தெரிந்திருக்காது. என் அப்பா மாயேபூரில் டாக்சி வைத்திருந்தார். நவம்பர் 28, சனிக்கிழமை. விடியற்காலை தைவானின் தைபேயிலிருந்து தென்னாப்பிரிக்க விமானம் வரும், யாரையோ ஏற்றிக்கொண்டு போர்ட் லூயி போக வேண்டும் என்று மூன்று மணிக்கே எழுந்து கறுப்புத் தேநீர் குடித்துவிட்டு பிளேசான்ஸ் போனார். விமானம் வரவில்லை. தாமதம் என்றார்கள். நான்கரை, ஐந்து, வெளிச்சம் வந்துவிட்டது, கரும்புத் தோட்டத்துக்கு ஆட்கள் போகத் தொடங்கிவிட்டார்கள், அப்போதும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஹெலிகாப்டர் எழும்பியதைப் பார்த்துத்தான் டாக்சிக்காரர்களுக்கு விஷயம் புரிந்ததாம். அப்பா வீட்டுக்கு வந்து காரை நிழலில் விட்டுவிட்டு கதவைத் திறக்காமல் உள்ளேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் போய் சன்னலைத் தட்டினேன்.

ஹெல்டர்பெர்க் என்பது அந்த விமானத்தின் பெயர். 159 பேர். இங்கிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தூரத்தில் கடலில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

ஹேங்கர் மணி:

ஐயா, நீங்க அந்த காலத்து ஆளுன்னு தெரியாம போச்சே. நானே அதத்தான் அடுத்து எழுதலாம்னு இருந்தேன். எங்க டிரெய்னிங்ல சரக்குத் தீன்னு பாடம் ஆரம்பிச்சா முதல்ல வர்றது ஹெல்டர்பெர்க்தான். நெல்லை அண்ணாச்சி கேள்விக்கு இத விட நேரான பதில் கிடையாது.

அது 747 கோம்பி. கோம்பின்னா ஒரே மாடியில முன் பக்கம் பயணிகள் சீட்டு, பின் பக்கம் ஒரு தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் சரக்கு. அன்னைக்கு அந்த மாடில ஆறு பேலட், அதாவது சரக்க அடுக்கி கட்டுற பெரிய தட்டு, இருந்துச்சு, வலது பக்கம் முன்னாடி இருந்த பேலட்ல தீ புடிச்சிருக்கு. அந்த மாதிரி இடத்துக்கு அப்போ இருந்த ரூல் என்னன்னா, புகை சென்சார் அடிச்சா விமான ஊழியர் ஒருத்தர் கதவைத் திறந்து உள்ள போயி கையில இருக்கற சிலிண்டர அடிச்சு அணைக்கணும். யோசிச்சுப் பாருங்க. பிளாஸ்டிக் கவர், வலை எல்லாம் போட்டு இறுக்கி கட்டுன ஆள் உயர பேலட், நடுவுல ஒரு ஆள் ஒடுங்கி போற சந்து, உள்ள பூரா கறுப்பு புகை, வெளிச்சம் இல்ல, எந்த பெட்டி எரியுதுன்னே தெரியாது. பேப்பர்ல ‘ஆள் போய் அணைக்கலாம்’னு எழுதியிருந்துச்சு, நெசத்துல எந்த ஆளும் போக முடியாத இடம் அது. போன கதவு வழியா புகை கேபினுக்குள்ளயும் வந்திரும்.

நம்ம பிளேசான்ஸ் டவருக்கு புகைன்னு சொல்லி கூப்பிட்டாங்க, 14,000 அடிக்கு இறங்கறோம்னாங்க, இங்க ரன்வே ரெடியா இருந்துச்சு. முதல் தடவை கூப்பிட்டதுல இருந்து கடல்ல விழுற வரைக்கும் ஏறக்குறைய பதினெட்டு நிமிஷம்தான். உடைசல் நாலு கிலோமீட்டருக்கும் கீழ கிடந்துச்சு, அவ்வளவு ஆழத்துல ரோபோவ விட்டு 1989 ஜனவரில காக்பிட் குரல் பதிவ மேல எடுத்தாங்க. டேப்புல தீ மணி அடிக்குது, அதுக்கப்புறம் ரெண்டு நிமிஷம்கூட இல்ல, பதிவு நின்னு போகுது, வயரு எரிஞ்சிருச்சு. நீதிபதி மார்கோ தலைமையில விசாரணை நடந்துச்சு, தீ எங்க ஆரம்பிச்சதுன்னு வந்துச்சு, எது பத்திக்கிச்சுன்னு வரல. ஆனா ஒண்ணு, அதுக்கப்புறம் ஆள் போய் அணைக்கலாம்ங்கற அந்த ரூல கிழிச்சுப் போட்டாங்க, கோம்பி பிளேன் எல்லாத்துக்கும் சரக்குப் பகுதி தீப்பாதுகாப்ப இறுக்கிட்டாங்க.

கியூர்பீப் மழைக்காரன்:

ஆனா அதுல ராக்கெட் மருந்து ஏத்துனாங்கன்னுல சொல்றாங்க. தென்னாப்பிரிக்காவுல நிறவெறி அரசாங்கம், ஆயுதத் தடை இருந்த காலம், பயணிகள் பிளேன்ல கள்ளத்தனமா கொண்டு போயிருக்காங்க. நம்ம ஊர்ல பழைய ஆளுங்க யாரைக் கேட்டாலும் இதான் சொல்வாங்க.

ரோஸ் பெல் வாத்தியார்:

சொல்வார்கள் தம்பி, நானும் சொன்னவன்தான். டாக்சி நிறுத்தத்தில் ஆளுக்கொரு கதை இருந்தது. அந்த அரசாங்கம் செய்யாத அட்டூழியம் இல்லை, அதனால் எதைச் சொன்னாலும் நம்ப முடிந்தது. 1998இல் அவர்களுடைய உண்மை நல்லிணக்க ஆணையம் மூடிய அறையில் அதை மறுபடி விசாரித்தது. ஆனாலும் இன்றுவரை ருசுவாக ஒன்றும் வரவில்லை.

ஹேங்கர் மணி:

ஐயா சொன்னதேதான். எது பத்துச்சோ அது வேற வாக்குவாதம். மருந்தோ, கம்ப்யூட்டர் பேட்டரியோ, எதுவா இருந்தாலும் அணைக்க முடியாத இடத்துல இருந்துச்சு, அதான் 159 பேர கொன்னுச்சு.

இதுக்கு இன்னொரு அநியாயமான உதாரணம் இருக்கு. 1996 மே 11, அமெரிக்காவுல ஃப்ளோரிடா, வேல்யூஜெட் 592, டிசி-9. அதோட ஹோல்டுல புகை சென்சாரும் இல்ல, ஹாலானும் இல்ல. ஏன்னா அப்போ இருந்த நியாயம் என்னன்னா, ஹோல்டு காத்து போகாத டப்பா, தீ புடிச்சாலும் உள்ள இருக்கற ஆக்சிஜன் தீந்துபோய் தானா அணைஞ்சிரும்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு அதுக்குள்ள என்ன ஏத்துனாங்க தெரியுமா, பழைய ஆக்சிஜன் ஜெனரேட்டர்! மாஸ்க் தொங்குமே, அதுக்கு ஆக்சிஜன் தர்ற உருளை. ஆக்சிஜன் வரும்போது கொதிக்கிற அளவு சூடாகும். அதோட மூக்குல ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி மாட்டியிருக்கணும், மாட்டல. பேப்பர்ல காலின்னு எழுதி அனுப்பிட்டாங்க, காலி இல்ல. மூடி மாட்டாதவன், காலின்னு எழுதுனவன், ஏத்துனவன், சென்சார் தேவையில்லன்னு ரூல் எழுதுனவன், இதுல எவனாவது ஒருத்தன் சரியா இருந்திருந்தா போதும். 110 பேர். 1998ல ஹோல்டு எல்லாத்துக்கும் சென்சாரும் அணைக்கிற சிஸ்டமும் கட்டாயம்னு சட்டம் ஆச்சு. எதனால விழுதுன்னு வீட்டுல அக்கா கேக்கறாங்கல்ல, பெரும்பாலும் இப்படித்தான், நாலஞ்சு பேரோட சின்னச் சின்ன அசால்ட்டு ஒரே நாள்ல ஒரே பிளேன்ல வந்து சேந்துரும்.

அகமதாபாத் பத்தி நான் எதுவும் சொல்ல மாட்டேன். முதல்கட்ட அறிக்கையில, கிளம்புன சில நொடியில ரெண்டு எஞ்சினோட எரிபொருள் சுவிட்சும் ஒரு நொடி இடைவெளில கட்-ஆஃபுக்கு போனதா இருக்கு, ஏன் போச்சுன்னு அதுல இல்ல. அதுக்கு மேல யூட்யூப்ல வர்றத வீட்டுல பாக்க விடாதீங்க.

காரைக்கால் டு ரீயூனியன்:

நடுவுல வரேன் மன்னிக்கணும். நான் இருக்கறது பக்கத்து தீவுல, சேன்ட் ஆந்த்ரே. கோயில் கொடி, தீமிதின்னு நம்ம ஆளுங்க வம்சாவளி நிறைய இருக்கற ஊரு. 2014ல காணாமப் போன மலேசிய பிளேன் எம்ஹெச் 370ஓட றெக்கைத் துண்டு, ஃப்ளாபெரான்னு சொல்வாங்களே, அது 2015 ஜூலை 29 இங்க எங்க ஊரு கரையிலதான் ஒதுங்குச்சு. மணல் கரை இல்ல, பூரா கறுப்பு உருண்டைக் கல்லு, அலை இழுக்கறப்ப கல்லு உருள்ற சத்தம் கேக்கும். அதுல ஒட்டியிருந்த சிப்பிப் பூச்சிய வச்சு எவ்வளவு நாள் மிதந்துச்சுன்னு ஆராய்ச்சி பண்ணாங்க. அப்புறம் ஒரு வருஷத்துக்கு இங்க யாரு எந்த தகரத்த கரையில பாத்தாலும் போலீசுக்கு போன், ஒருத்தர் பழைய பாத்திரத்தயே கொண்டு போய் குடுத்தாரு. உங்க ரொட்ரிக் தீவுலயும் 2016ல உள்பக்க பேனல் துண்டு ஒண்ணு கிடைச்சுதே.

கேக்க வந்தது என்னன்னா, அந்த பிளேன்லயும் லித்தியம் பேட்டரி ஏத்தியிருந்தாங்கன்னு சொல்றாங்களே, மணி அண்ணே?

ஹேங்கர் மணி:

ஏத்தியிருந்தாங்க, 221 கிலோ, கூடவே மங்குஸ்தான் பழமும். ஆனா தீன்னு சொல்ல இடிக்குது. அந்த பிளேன் திரும்பி, அதுக்கப்புறம் மணிக்கணக்கா பறந்திருக்கு. ஹெல்டர்பெர்க் பதினெட்டு நிமிஷம், 1998ல உள்ள தீப்புடிச்சு கனடா பக்கம் கடல்ல விழுந்த ஸ்விஸ் ஏர் 111 இருபத்தோரு நிமிஷம். அடங்காத தீ அவ்வளவு நேரம் குடுக்காது.

எபேன் நெல்லைக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, வாத்தியார் ஐயா எழுதுனத படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டேன். ஆபீஸ்ல இருந்து அந்தப் பக்கம் எத்தனையோ தடவை டாக்சில போயிருக்கேன், இப்படி ஒண்ணு நடந்துச்சுன்னே தெரியாது. சரி ஊறுகா வழக்க வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா தலைகீழா சொருகுனதுக்கு எந்த சேஃப்டி ரூலும் கிடையாது, அதுல நான் உறுதியா இருக்கேன்.

மணி அண்ணாச்சி, வீட்டுக்காரிகிட்ட ரெண்டு பவர் பேங்க் இருக்கு, ஒண்ணு 20,000, இன்னொண்ணு 30,000, ரெண்டாவதுல எழுத்து பாதி அழிஞ்சிருச்சு. கைப்பையில போட்டா விடுவாங்களா?

ஹேங்கர் மணி:

கணக்கு சிம்பிள். அந்த 20,000, 30,000ங்கற எம்ஏஹெச் நம்பர 3.7ஆல பெருக்கி ஆயிரத்தால வகுங்க, வாட்-அவர் வரும். 20,000னா 74, பிரச்சனை இல்ல. 30,000னா 111. நூறுக்கு மேல 160 வரைக்கும் ஏர்லைன்கிட்ட முன்கூட்டியே கேக்கணும், நிறைய பேரு ஒத்துக்க மாட்டான். எழுத்து அழிஞ்சதுன்னா பேச்சே இல்ல, செக்யூரிட்டில பிடுங்கி கூடையில போட்டுருவான். அத ஊர்லயே விட்டுட்டு வரச் சொல்லுங்க. எமிரேட்ஸ்ல வர்றதா இருந்தா 2025 அக்டோபர்ல இருந்து ஆளுக்கு ஒண்ணுதான், அதுவும் பிளேனுக்குள்ள அத வச்சு எதுக்கும் சார்ஜ் போடவே கூடாது, பிள்ளைங்க டேப்ப ஏறும்போதே ஃபுல்லா ஏத்திக்கணும்.

இன்னும் ரெண்டு விஷயம் அக்காகிட்ட சொல்லுங்க. போன் சீட்டு சந்துல விழுந்துருச்சுன்னா சீட்ட முன்னாடி பின்னாடி ஆட்டி தேடவே கூடாது, கீழ இருக்கற இரும்பு போன நசுக்கிரும், நசுங்குன பேட்டரி அங்கயே பத்தும். மணி அடிச்சு ஆள கூப்பிடட்டும். அடுத்தது, மேல இடம் இல்ல, கைப்பைய கீழ அனுப்புறோம்னு கேட்லயே டேக் போடுவாங்கல்ல, நம்ம ரொட்ரிக் போற ஏடிஆர் மாதிரி சின்ன பிளேன்ல இது அடிக்கடி நடக்கும், அப்போ பவர் பேங்க எடுத்து கையில வச்சுக்கணும். எல்லாரும் மறக்கற இடம் அதுதான்.

அவங்க பயத்துக்கு, 2024 ஜனவரி 2 டோக்கியோ ஹனேடால நடந்தத சொல்லுங்க. இறங்குற ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 ரன்வேயில நின்ன கோஸ்ட் கார்டு பிளேன்ல மோதி முழுசா எரிஞ்சுது. கோஸ்ட் கார்டு பிளேன்ல அஞ்சு பேரு செத்துட்டாங்க, பாவம். ஆனா பெரிய பிளேன்ல இருந்த 379 பேரும் உயிரோட இறங்கிட்டாங்க. மேல் தட்டத் திறந்து பைய எடுக்கறேன்னு யாரும் வழிய மறிச்சு நிக்கல. பிள்ளைங்கள மட்டும் புடிச்சுகிட்டா போதும், பால் பாட்டில்கூட வேண்டாம்.

ரோஸ் பெல் வாத்தியார்:

நெல்லைத் தம்பி, பிள்ளைகள் வரட்டும், பா த்ராகாசே, இங்கே கவலைப்படாதே என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். வேட்டியில் எண்ணெய்க் கறை என்றால் கடலைமாவைத் தடவி ஒரு நாள் வெயிலில் போட்டுவிட்டு அப்புறம் சோப்புப் போடுங்கள், மஞ்சளும் வெயிலில்தான் போகும். கியூர்பீப்பில் காயவைக்காதீர்கள்.

கியூர்பீப் மழைக்காரன்:

எங்க ஊர வம்புக்கு இழுக்காதீங்க ஐயா. அதெல்லாம் இருக்கட்டும், அந்த நார்த்தங்கா பாட்டில்ல அடியில ஏதாவது மிச்சம் இருக்கா ப்ரோ?

எபேன் நெல்லைக்காரன்:

எண்ணெய்தான் போச்சு, காய் அப்படியே இருக்கு. ஞாயித்துக்கிழமை வாங்க.